கடைசிப் பக்கம் இல்லாத காமிக்ஸ்

சிவகாசியில் அச்சாகும் ஒரு புத்தகம் ராமேஸ்வரத்துக்கு வந்து சேர வேண்டுமானால் கடலைத் தாண்டியாக வேண்டும். 1988 அக்டோபரில் பாம்பன் சாலைப் பாலம் திறக்கும்வரை, படகை விட்டால் அதற்கிருந்த ஒரே வழி 1914-ல் திறந்த ரயில் பாலம்தான். எந்தப் பத்திரிகைக் கட்டாக இருந்தாலும் மீட்டர் கேஜ் ரயிலேறித்தான் தீவுக்குள் நுழைய வேண்டும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ராமேஸ்வரத்தில் ரயில் நிற்பது ரத்தாகிவிட, ஓடும் ரயிலிலிருந்து செய்தித்தாள் கட்டுகளை வெளியே எறிவார்களாம். அவற்றைச் சேகரித்து விநியோகிக்கும் வேலையில் உறவினருக்கு ஒத்தாசையாக இருந்த சிறுவர்தான் பின்னாளில் குடியரசுத் தலைவரான அப்துல் கலாம். அச்சடித்த காகிதம் இந்தப் பக்கம் எப்போதுமே கடைசியாகத்தான் வந்திருக்கிறது. அதுவும் வந்தால்தான் உண்டு.

இதை முதலில் சொல்லக் காரணம் இருக்கிறது. தொண்டி, தேவிபட்டினம், மண்டபம், பெரியபட்டினம், கீழக்கரை, ஏர்வாடி என்று நீளும் ராமநாதபுரம் கரையோரத்தில் நாற்பதைத் தாண்டிய ஒரு கூட்டம் இன்னமும் காமிக்ஸ் வாங்குகிறது. பெரும்பாலும் ஆண்கள். பெண்களும் உண்டு, வெளியில் சொல்லிக்கொள்வதில்லை. வீட்டில் “பிள்ளைக்குக் கல்யாண வயசாச்சு, இன்னும் பொம்மைப் புத்தகமா” என்ற பாட்டைக் கேட்டுக்கொண்டேதான் வாங்குகிறார்கள். ஏன் என்று கேட்டால், எல்லாம் பழைய நினைப்புதான் என்று வாங்குபவர்களே சொல்லிவிடுகிறார்கள். அது பாதிக் காரணம்கூட இல்லை என்பது என் கட்சி. வெறும் பழைய நினைப்பு என்றால் கோலியும் பம்பரமும் கூடவே வந்திருக்க வேண்டும். நாற்பத்தைந்து வயதில் யாரும் கோலிக்குண்டு தேடி அலைவதில்லை. கோலி அந்த வயதிலேயே ஆடி முடிந்துபோன ஆட்டம். காமிக்ஸ் முடியவில்லை. பாதியில் நின்றுபோனது.

எது பாதியில் நின்றது என்று சொல்வதற்கு முன் கொஞ்சம் வரலாறு.

1972-ல் சிவகாசியிலிருந்து சௌந்தரபாண்டியன் முத்து காமிக்ஸைத் தொடங்கினார். முதல் இதழே ‘இரும்புக்கை மாயாவி’. 1984-ல் அவருடைய மகன் விஜயன், இளைஞராக இருக்கும்போதே, லயன் காமிக்ஸைக் கொண்டுவந்தார். மாடஸ்டி, ஸ்பைடர் (ஸ்பைடர்மேன் அல்ல), இரும்பு மனிதன் ஆர்ச்சி, டெக்ஸ் வில்லர், லக்கி லுக், கேப்டன் டைகர் எல்லாரும் அந்த வழியாகத் தமிழுக்குள் வந்தவர்கள். அதே 1984-ல் தினத்தந்தி குழுமத்திலிருந்து ராணி காமிக்ஸ் வந்தது. அது ஜேம்ஸ்பாண்டில் தொடங்கி, மாதமிருமுறையாக 2005 வரை ஓடியது. லீ ஃபாக் 1936-ல் படைத்த ‘ஃபேண்டம்’ என்ற முகமூடிக்காரரை ராணி ‘மாயாவி’ என்றே அழைத்தது. முத்துவிலும் ஒரு மாயாவி இருந்தார். எந்த மாயாவி பெரியவர் என்று சண்டை போடாத பள்ளிக்கூடம் இருந்திருக்காது.

முத்துவின் மாயாவி எங்கிருந்து வந்தார் என்பது சுவாரசியமான கதை. 1962 அக்டோபரில் லண்டனிலிருந்து ‘வேலியன்ட்’ என்ற சிறுவர் வார இதழ் வெளிவந்தது. அதன் முதல் இதழிலேயே லூயிஸ் கிராண்டேல் என்ற ஆய்வுக்கூட உதவியாளர் வருகிறார். விபத்தில் வலது கையை இழந்து இரும்புக் கை பொருத்திக்கொண்டவர். இன்னொரு விபத்தில் உயர் அழுத்த மின்சாரம் பாய்ந்ததும் உடல் மறைந்துபோகிறது, இரும்புக் கை மட்டும் தெரிகிறது. கென் புல்மர் எழுதினார், பார்சிலோனாக்காரரான ஹெசுஸ் பிளாஸ்கோ வரைந்தார். ஆரம்பத்தில் கிராண்டேல் நல்லவரே அல்ல. வங்கிக் கொள்ளை அடிக்கிற ஆள். பிறகுதான் உளவாளியாகித் திருந்துகிறார். பிளாஸ்கோவின் படங்களில் கறுப்பு மை தாராளம். முகத்தில் பாதி இருட்டு, சந்தில் முக்கால்வாசி இருட்டு. மலிவான செய்தித்தாள் காகிதத்தில் மெல்லிய கோடெல்லாம் கரைந்துபோகும், இந்த மாதிரிக் கறுப்பு தாங்கும். தீப்பெட்டி லேபிளும் காலண்டரும் அடித்துப் பழகிய சிவகாசிக்கு இது கைக்கு வாகான சரக்கு.

இங்கிலாந்தில் இந்த நாயகர் எழுபதுகளிலேயே ஏறக்குறைய மறக்கப்பட்டுவிட்டார். ரெபெல்லியன் என்ற நிறுவனம் 2016-லும் 2018-லும் பழைய பிரிட்டிஷ் காமிக்ஸ் உரிமைகளை வாங்கி மறுபதிப்பு போடத் தொடங்கிய பிறகு அங்கே மறுபடி பேச்சு எழுந்தது. தமிழ்நாட்டில் அவர் ஒருநாளும் மறையவில்லை. பிறந்த ஊரில் செல்வாக்கிழந்த நாயகன் அசலூரில் அரசோச்சுவது உலகில் புதிதும் அல்ல. முகமூடி மாயாவி அமெரிக்காவில் மங்கிப்போன பிறகும் சுவீடனிலும் ஆஸ்திரேலியாவிலும் விடாமல் வந்துகொண்டிருக்கிறார். இதுவே ஒரு செய்தி சொல்கிறது. கதையின் தரம் மட்டும் காரணமென்றால் எல்லா ஊரிலும் ஒரே மாதிரி நிலைத்திருக்க வேண்டும். எந்த ஊரில் எப்படி வந்து சேர்ந்தது, எப்படிக் கைமாறியது என்பதிலும் பாதி விஷயம் இருக்கிறது.

எங்கள் பக்கம் எப்படிக் கைமாறியது என்று பார்க்கலாம்.

புதுப் புத்தகத்தைக் கடையில் காசு கொடுத்து வாங்கியவர்கள் சொற்பம். பெரும்பாலானோர் படித்தது மூன்றாவது, நாலாவது, பத்தாவது கையில். வாடகை நூல் நிலையம், சலூன் பெஞ்சு, பழைய பேப்பர் கடை, பஸ் ஸ்டாண்டில் சாக்கு விரித்த கடை. அதற்குள் புத்தகம் என்ன கதியாகியிருக்கும் என்பதைப் புரிந்துகொள்ள அது எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று தெரிய வேண்டும். மெல்லிய காமிக்ஸில் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நடுவில் மடித்து, மடிப்பில் இரண்டு பின் அடிப்பார்கள். ஒவ்வொரு தாளிலும் நாலு பக்கம். ஆக, வெளித்தாளில் முதல் இரண்டு பக்கமும் கடைசி இரண்டு பக்கமும் சேர்ந்தே இருக்கும். அட்டையோடு அந்தத் தாள் கழன்றுவிட்டால் கதையின் ஆரம்பமும் முடிவும் ஒரே இழுப்பில் போய்விடும். நடுத்தாள் கழன்றால் சண்டையின் உச்சம் போகும். கதைக்கு எது உயிரோ அது எளிதாகக் கழலும்படியான கட்டுமானம்.

இதில் உப்புக்காற்று வேறு. வடகடலும் தென்கடலும் இருபுறமும் வீசும் ஊரில் இரும்புப் பின் துருப்பிடிக்க நாள் பிடிக்காது. துரு முதலில் பின்னைச் சுற்றி ஒரு பழுப்பு வளையமாகத் தெரியும். அடுத்து அது காகிதத்தைத் தின்னும். கிழிக்காமலேயே, பின் இருந்த இடத்தில் இரண்டு ஓட்டை மட்டும் மிஞ்சித் தாள் தானாக விடுபட்டு வரும். காகிதமும் சும்மா இருப்பதில்லை. செய்தித்தாள் காகிதம் மரத்தை அப்படியே அரைத்துச் செய்வது. அதில் நீக்காமல் விட்ட லிக்னின் என்ற மரச்சத்து வெளிச்சமும் காற்றும் பட்டு மஞ்சளாகும். காகிதத்தில் சேரும் அமிலம் நாரை அறுத்து நொறுங்க வைக்கும். ஒரு நாள் வாழ்ந்தால் போதும் என்று செய்யப்பட்ட காகிதம் அது. அதில்தான் மாயாவி வந்தார்.

ஆகவே இந்தக் கரையில் வளர்ந்த பையன் படித்த காமிக்ஸில் கணிசமானவை மொட்டைக் காமிக்ஸ். தலைப்புத் தெரியாது, முடிவு தெரியாது. இரும்புக்கை ஜன்னல் வழியாக உள்ளே வருகிறது, வில்லன் துப்பாக்கியைத் தூக்குகிறான், அத்தோடு சரி. மிச்சத்தை யாராவது சொல்ல வேண்டும், அல்லது நாமே கட்ட வேண்டும். கட்டத்துக்குக் கட்டம் இடையில் இருக்கும் வெள்ளை இடைவெளியை மனசுதான் நிரப்புகிறது என்பது காமிக்ஸின் அடிப்படை. எங்கள் ஊர்ப் பையன்கள் பக்கக்கணக்கில் நிரப்பினார்கள். மின்சாரம் பாய்ந்தால்தான் மாயாவி மறைவார் என்பதை வைத்து ஒரு பெரிய விவாதமே உண்டு. 1964 புயலுக்குப் பிறகு மின்கம்பம் எட்டிப் பார்க்காத தனுஷ்கோடிக்கு மாயாவி வந்தால் என்ன செய்வார்? பேட்டரி கொண்டுவருவார் என்றது ஒரு கட்சி. ராமேஸ்வரத்திலேயே பிளக்கில் விரலை வைத்துவிட்டு ஓடிப்போய்ச் சேர்வார் என்றது இன்னொரு கட்சி. இரண்டாவது கட்சிக்குப் பதினெட்டு, இருபது கிலோமீட்டர் மணலில் ஓடுவது ஒரு பிரச்சினையாகவே தெரியவில்லை.

இன்னொரு வகை முடியாமை, வரிசை எண்ணால் வந்தது. அட்டையில் எண் போட்டிருக்கும். உள்ளே ‘அடுத்த வெளியீடு’ என்று ஒரு விளம்பரம், துப்பாக்கியும் கழுகும் மண்டையோடுமாக. அந்த அடுத்த வெளியீடு நம்மூருக்கு வராது. ஏஜென்ட் எத்தனை பிரதி கேட்டாரோ, எத்தனை வந்ததோ, யார் முந்தினார்களோ. அதற்கடுத்தது வரும். ஆக, கையில் 37-ம் 39-ம் இருக்கும், 38-ன் விளம்பரம் மட்டும் 37-க்குள் இருக்கும். இல்லாத புத்தகத்தின் அட்டைப்படம் இருக்கிற புத்தகத்தின் கதையைவிட நன்றாக ஞாபகம் இருப்பது இதனால்தான்.

மனநூல்காரர்கள் இதைப் பற்றி இரண்டு விஷயம் சொல்கிறார்கள். நாற்பதைத் தாண்டியவர்களிடம் வாழ்க்கை நினைவுகளைக் கேட்டால் பத்து வயதுக்கும் முப்பதுக்கும் இடைப்பட்ட காலத்தவையே அதிகம் மேலெழுகின்றன என்பது பல ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரியவந்தது. பிடித்த புத்தகம், பாட்டு, படம் என்று கேட்டாலும் இளவயதின் பக்கமே சாய்வு தெரிகிறது. சரி, ஆனால் இது கோலிக்கும் பொருந்தும். நமக்கு உதவுவது இரண்டாவது விஷயம். 1920-களில் பெர்லினில் கர்ட் லெவினிடம் படித்த இரண்டு பெண்கள், பாதியில் நிறுத்தப்பட்ட வேலைகளை ஆராய்ந்தார்கள். முடிக்காத வேலையே முடித்ததைவிட நன்றாக நினைவில் நிற்கும் என்றார் புளூமா ஸெய்கார்னிக். அது புகழ்பெற்றது. பின்னால் பலர் செய்து பார்த்தபோது அந்த முடிவு உறுதியாக நிற்கவில்லை. அவ்வளவு புகழ் பெறாத மரியா ஓவ்சியான்கினா கண்டதுதான் நின்றது. பாதியில் தடுக்கப்பட்டவர்கள் வாய்ப்புக் கிடைத்ததும், யாரும் சொல்லாமலேயே, பரிசு எதுவும் இல்லாமலேயே, அந்த வேலையைத் திரும்ப எடுத்து முடிக்கப் போகிறார்கள். சோதனைக்கூடத்தில் அந்த இடைவெளி சில நிமிடம். அதை முப்பது வருஷத்துக்கு நீட்டுவது என் சொந்தத் துணிச்சல்தான். ஆனாலும் கீழக்கரையில் ஒரு பழைய பேப்பர் கடையில் காதில் விழுந்த பேச்சு எனக்கு அந்தத் துணிச்சலைக் கொடுத்தது.

துபாயில் இருந்து லீவில் வந்தவர், தலை நரைத்தவர், கடைக்காரரிடம் கேட்டார். காக்கா என்றால் இங்கே அண்ணன்.

“காக்கா, மாயாவி எதுவும் வந்துச்சா?”

“ரெண்டு வந்துச்சு தம்பி. அட்டை இல்ல.”

“அட்டை கெடக்கட்டும். கடைசிப் பக்கம் இருக்கா?”

கடைக்காரர் சிரிக்கவில்லை. கட்டைப் பிரித்துக் கடைசிப் பக்கத்தை மட்டும் திருப்பிக் காட்டினார். வந்தவர் அங்கேயே நின்று அந்த ஒரு பக்கத்தைப் படித்தார். காசைக் கொடுத்தார். முன்பக்கங்களைப் புரட்டவேயில்லை, அவருக்கு அவை மனப்பாடம் போல. சேகரிப்பாளர் என்றால் அட்டைதான் முக்கியம், அட்டை இல்லாத பிரதிக்குச் சந்தையில் மதிப்பே கிடையாது. இவர் சேகரிப்பாளர் அல்லர். பாக்கியை வசூலிக்க வந்தவர்.

முடியாமையின் உச்சம் என்றால் ‘இரத்தப் படலம்’. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், இந்தக் கரைக்கும் அதற்கும் ஒரு தனி உறவு இருப்பதால். ழான் வான் ஹாம் எழுதி வில்லியம் வான்ஸ் வரைந்த பெல்ஜியத் தொடர் அது. முதல் ஆல்பம் பிரெஞ்சில் 1984-ல் வந்தது. கடற்கரையில் ஒருவன் குற்றுயிராகக் கரையொதுங்குகிறான், தலையில் குண்டுக்காயம். ஒரு வயோதிகத் தம்பதி எடுத்துக் காப்பாற்றுகிறார்கள். அவனுக்குப் பெயர் நினைவில்லை, ஊர் நினைவில்லை. உடம்பில் பச்சை குத்திய ரோமன் எண் 13 மட்டும் இருக்கிறது. தான் யார் என்று தேடிப் போகிறான். ஒவ்வொரு பாகத்திலும் ஒரு பெயர் கிடைக்கிறது, அடுத்த பாகத்தில் அது பொய்யாகிறது.

எண்பதுகளில் லயனில் இது வரத் தொடங்கியபோது மதுரைப் பையனுக்கும் கோயம்புத்தூர்ப் பையனுக்கும் அது நல்ல துப்பறியும் கதை. ராமேஸ்வரம், மண்டபம் பையனுக்கு அப்படி மட்டும் இல்லை. 1983 ஜூலைக்குப் பிறகு இந்தக் கரையில் இலங்கையிலிருந்து படகு படகாக ஆட்கள் வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். நனைந்த துணியோடு, கையில் ஒரு பையோடு, பதிவு எண்ணுக்காக மண்டபம் முகாமில் வரிசையில் நின்றார்கள். யார், எந்த ஊர், கூட வந்தவர்கள் எங்கே என்று அதிகாரிகள் கேட்பதைப் பள்ளிக்கூடம் விட்டுப் போகிற பிள்ளைகள் பார்த்தார்கள். கரையொதுங்குதல் இங்கே கதைக்கான தொடக்கம் இல்லை, காலைப் பேச்சு. அகதிகளைப் பதிமூன்றாம் எண்காரனோடு ஒப்பிடுவது மரியாதை இல்லைதான். ஆனால் பன்னிரண்டு வயசுப் பையனுக்கு அந்த மரியாதையெல்லாம் தெரியாது. அவன் இரண்டையும் ஒரே வாரத்தில் பார்த்தான். எண் இருக்கிறது, பெயரை நிரூபிக்க வேண்டியிருக்கிறது என்ற ஒரு சங்கதி அவன் மனசில் ஒட்டிக்கொண்டது. அந்தக் கதை அமெரிக்காவில் நடந்ததாக அவன் நம்பவே இல்லை என்று மண்டபத்து நண்பர் ஒருவர் தன்னைப் பற்றிச் சொல்வார்.

முடிவு? பிரெஞ்சில் அந்த முதல் சுற்று முடியவே 2007 ஆகிவிட்டது. தமிழில் துண்டு துண்டாக, நீண்ட இடைவெளிகளோடு வந்துகொண்டிருந்த கதையை 2010-ல் லயன் 18 பாகமும் ஒரே தடித்த தொகுப்பாகக் கறுப்பு-வெள்ளையில் போட்டது. பின்னால் வண்ணத்திலும் வந்தது. முதல் பாகத்தைப் பன்னிரண்டு வயதில் படித்தவர் அந்தத் தொகுப்பைக் கையில் வாங்கும்போது முப்பத்தைந்தைத் தாண்டியிருப்பார். இடையில் வேலை, கல்யாணம், கடன், சிலருக்கு வளைகுடா. இவ்வளவு வருஷம் ஒரு கதையைப் பாக்கி வைத்திருந்தவரிடம் போய் அது சின்னப் பிள்ளைப் படிப்பு என்று சொன்னால் அவர் என்ன பதில் சொல்வார்?

இரண்டாயிரத்துக்குப் பிறகு தொலைக்காட்சி வந்து சிறுவர்களை அள்ளிக்கொண்டு போக, லயன்-முத்து இதழ்களுக்கிடையே இடைவெளி கூடிக்கொண்டே போனது. 2012 ஜனவரியில் சென்னைப் புத்தகக் கண்காட்சியை ஒட்டி வந்த ‘கம்பேக் ஸ்பெஷல்’ ஒரு திருப்பம். பெரிய அளவு, வழவழத் தாள், முழு வண்ணம், விலை நூறு ரூபாய். ராணி காமிக்ஸை ஒன்றரை ரூபாய்க்கு வாங்கியவர்களுக்கு அது மலைப்பு. அடுத்த வருஷமே முத்துவின் நாற்பதாம் ஆண்டுக்கு நானூறு ரூபாயில் ஒரு தொகுப்பு வந்தது, அதையும் வாங்கினார்கள். கணக்கு எளிது. பையனாக இருந்தபோது ஆசை இருந்தது, காசு இல்லை. இப்போது காசு இருக்கிறது, ஆசையும் தீரவில்லை. இன்றைக்கு இந்த வெளியீடுகள் பெரும்பாலும் ஓடுவது சந்தாவிலும் புத்தகக் கண்காட்சிகளிலும். பெட்டிக்கடையில் தொங்குவதில்லை. ஆகஸ்ட் மாத ஈரோடு புத்தகத் திருவிழாவில் வாசகர்கள் கூடுகிறார்கள். ராமநாதபுரத்திலிருந்து இரவு பஸ் ஏறிப் போய் வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

கூரியரில் வீட்டுக்கே வந்துவிடுவதால் ஒன்று போனது. இரவல். நாலு தெருவுக்கு ஒரு பிரதி என்றிருந்தபோது, யாரிடம் எந்த எண் இருக்கிறது என்பது ஊரறிந்த ரகசியம். கடலுக்குப் போகிற வீட்டுப் பையனும் கடைவீதி மரைக்காயர் வீட்டுப் பையனும் வாத்தியார் மகனும் ஒரு புத்தகத்துக்காகப் பேசிக்கொள்ள வேண்டியிருந்தது. இப்போது அவரவர் அலமாரியில் அவரவர் தொகுப்பு. பழைய பழக்கத்தின் மிச்சத்தை மீன்பிடித் தடைக்காலத்தில் பார்க்கலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கரையில் கிடக்கும். மராமத்து வேலைக்கு நடுவே, படகு நிழலில், டெக்ஸ் வில்லர் கைமாறிக்கொண்டிருக்கும். “அண்ணே, படிச்சிட்டுத் தாரேன்” என்று வாங்கிப் போகிற டிரைவருக்கு ஐம்பது வயசு. டெக்ஸ் அவர்களுக்குப் பிடிப்பதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. 1948-ல் போனெல்லியும் கல்லெப்பினியும் இத்தாலியில் தொடங்கிய அந்தக் கௌபாய் தொடரில் டெக்ஸும் வெள்ளிமுடியார் கார்சனும் நாள்கணக்கில் வெட்டவெளியில் கிடப்பார்கள், சாப்பாட்டைப் பற்றி அலுத்துக்கொள்வார்கள், அதிகாரியை நம்ப மாட்டார்கள். கடல் தொழில்காரருக்கு இதில் அந்நியமாக என்ன இருக்கிறது?

எல்லாக் கதையும் இப்போது தாங்குகிறதா என்றால், இல்லை. மறுபடி படிக்கும்போது ஸ்பைடர் சிரிப்பு மூட்டுகிறார். சூப்பர்மேனைப் படைத்த இருவரில் ஒருவரான ஜெர்ரி சீகலே பிற்பாடு ஸ்பைடர் கதைகளை எழுதினார் என்பது உண்மை. அதனால் லாஜிக் கூடிவிடவில்லை. சட்டித்தலையன் ஆர்ச்சியும் அப்படியே. முகமூடி மாயாவி இன்னும் மோசம். தலைமுறை தலைமுறையாக ஒரு வெள்ளைக்காரர் காட்டுக்குள் உட்கார்ந்து நீதி சொல்ல, அங்கத்து ஆட்கள் கைகட்டி நிற்கும் கதையை இப்போது முகம் சுளிக்காமல் படிக்க முடியவில்லை. பத்து வயதில் அது உறைக்கவே இல்லை என்பதுதான் யோசிக்க வைக்கிறது. இரும்புக்கை மாயாவியின் கதைகள் சுமார், பிளாஸ்கோவின் படம் காப்பாற்றுகிறது. கேப்டன் டைகரையும் லக்கி லுக்கையும் வயது வந்தவர்களுக்காகவே எழுதினார்களோ என்று இப்போதுதான் தோன்றுகிறது. டைகர் தொடரில் வரும் ராணுவத்தின் அயோக்கியத்தனமும், லக்கி லுக்கில் கதாசிரியர் கோசினி வைத்த குத்தல்களும் அன்றைக்குப் பிடிபடவே இல்லை. ஆக, அன்பு நீடிக்கிறது என்றால் எல்லாவற்றின் மேலும் ஒரே மாதிரி இல்லை. சிலவற்றைப் படித்து முடித்ததும் கணக்குத் தீர்ந்துவிடுகிறது, மறுபடி எடுக்கத் தோன்றுவதில்லை. பாக்கி தீர்ந்த பிறகும் எடுக்கத் தோன்றுவதுதான் நல்ல காமிக்ஸ் என்று நான் ஒரு அளவுகோல் வைத்திருக்கிறேன்.

பிள்ளைகள் படிப்பார்களா என்பது தனிக் கேள்வி. கொடுத்துப் பார்த்தவர்கள் சொல்வது, லக்கி லுக் என்றால் எடுக்கிறார்கள், மாயாவி என்றால் அட்டையோடு திருப்பித் தருகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. கையில் இருக்கிற எந்தக் கதைக்கும் அவர்களுக்குக் கடைசிப் பக்கம் உண்டு.

பழைய இதழ்களை வைத்திருக்கிறவர்களுக்கு, கடலோரம் என்பதால், ஒரு விஷயம். புத்தகத்தைக் காப்பாற்ற வேண்டுமானால் முதலில் பின்னை எடுங்கள். இழுக்காதீர்கள். மடிந்த காலை மெல்லிய கத்தி நுனியால் நிமிர்த்தி, வெளிப்பக்கமாக உருவ வேண்டும். அதே ஓட்டைகள் வழியாக வெள்ளைப் பருத்தி நூலைக் கோத்துத் தளர்வாகக் கட்டினால் போதும். செல்லோடேப் ஒட்டவே கூடாது, அதன் பசை நாலைந்து வருஷத்தில் மஞ்சளாகிக் காகிதத்துக்குள் இறங்கிவிடும். பிளாஸ்டிக் உறையில் போட்டு வாயை ஒட்டுவதும் ஆபத்து, உள்ளே இருக்கிற ஈரம் வெளியேற வழியில்லாமல் பூஞ்சணம் பிடிக்கும். உறையின் வாயைத் திறந்தே வையுங்கள், அலமாரியைச் சுவரை விட்டு ஒரு சாண் தள்ளி வையுங்கள். இதையெல்லாம் ஐப்பசி மழை பிடிப்பதற்குள் செய்து முடித்துவிட்டால் நல்லது. வாடைக் காற்று தொடங்கிய பிறகு பழைய காகிதத்தில் கை வைத்தால், நமத்துப்போய், மடிப்பிலேயே பிய்ந்து வரும்.